ஏரிக்கு வரும் பறவைக்கு இரண்டு பஞ்சாங்கம்

வேடந்தாங்கலுக்கு சைபீரியப் பறவைகள் எப்போது வரும்? ஜனவரியில் போகலாமா? (தாம்பரம் வாசகி)

போகலாம். ஆனால் அந்த ‘சைபீரியப் பறவை’யை விட்டுவிடுங்கள், எத்தனை முறை எழுதுவது! மரத்தில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். அவற்றுக்குத் தேதி கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஒரு வருஷம் கொட்டும், ஒரு வருஷம் ஏமாற்றும். அதை நம்பி நாள் குறிக்க முடியாது. நீர்க்கடம்பின் அடிமரம் தண்ணீரில் நின்றால் கூடு, இல்லையென்றால் வேறு ஏரி. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும்தான் இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை. பகல் நீள்வதும் குறைவதும் பிசகாது, அதனால் அவை நாள் பார்த்துக் கிளம்பும். இங்கே முட்டையிடாது.

நம் பறவையை ‘வெளிநாட்டு விருந்தாளி’ ஆக்கினால், வராத வருஷம் பழி சைபீரியாமேல் போகும். தூர்ந்த வரத்துக்கால்வாயை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஊர் விவசாயிகளுக்கு இது தெரியும். கிளையெல்லாம் வெளுத்துக் கிடக்கும் எச்சம் தண்ணீரில் விழுந்து வயலுக்கு உரமாகப் பாய்வதைப் பார்த்துத்தான் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். போனால் கரையில் சத்தம் வேண்டாம், பட்டாசு வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஏரிக்குப் பறவை வரவில்லை. ஏன்?

எந்த ஏரி? எந்த மாதம்? தண்ணீர் எவ்வளவு? எழுதிவிட்டுக் கேளுங்கள்.

அடைபட்ட வலசைப் பாதையைத் திறந்தால் விலங்குகள் திரும்புமா? (கூடலூர்)

திரும்பியிருக்கின்றன. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ என்ற ஆற்றுச் சதுப்புக்கும் மக்கடிக்கடி என்ற உப்புவெளிக்கும் நடுவே 1968இல் போட்ட வேலியை 2004இல் எடுத்தார்கள். சில வருஷத்திலேயே வரிக்குதிரைகள் போக வர 500 கி.மீ.க்கு மேல் நடந்தன. பழைய பாதையை அறிந்த வரிக்குதிரை ஒன்றுகூட அப்போது உயிரோடு இருந்திருக்காது. மழை விழுந்து புல் துளிர்ப்பதைப் பார்த்தே நடந்திருக்க வேண்டும்.

கிழ யானையால் கூட்டத்துக்கு என்ன பயன்?

பஞ்சத்தில் தெரியும். 1993இல் தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் கடும் வறட்சி. வழக்கமாக நூற்றுக்கு 2 குட்டி சாகும் இடத்தில் 20 செத்தன. வெளியேறிய கூட்டங்கள் பிழைத்தன, தங்கிய கூட்டம்தான் அதிகம் இழந்தது. அதில் முதிய பெண் யானைகளை ஏற்கெனவே தந்தத்துக்காகக் கொன்றிருந்தார்கள். என்றைக்கோ வரும் பஞ்சத்துக்கு வழி கிழ யானையின் தலையில்தான் இருக்கிறது.

விலங்குதான் பருவத்தின் பின்னால் போகுமா, பருவமும் விலங்கின் பின்னால் வருமா? (காரைக்குடி மாணவர்)

நல்ல கேள்வி. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் காட்டெருமைகள் வசந்தத்தில் இளம்புல்லைத் தொடர்ந்து மலையேறும், பாதியில் நின்றுவிடும். கூட்டமாகத் திரும்பத் திரும்ப மேய்வதால் அங்கே புல் முற்றாமல் துளிர்த்துக்கொண்டே இருக்கும். வசந்தம் தாண்டிப் போய்விட்டாலும் அவற்றுக்கு இளம்புல் கிடைக்கும்.