மாலைச் சோற்றுக்கு எந்த அடுப்பு?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "வேலையால் வந்து ஆறரைக்குத்தான் உலை வைப்பேன். வீடு அமைதியாக இருக்கிற நேரம் அதுதான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துத் தருவாள். போன கிழமை அவள், 'விறகு, காஸ், கரண்ட் மூன்றில் எதில் சமைத்தால் பூமி குறைவாகச் சூடாகும்?' என்று கேட்டாள். எங்கள் குசினியில் மூன்றும் இருக்கிறது. என்ன பதில் சொல்வது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை ஆறரைக்கு என்றால் காஸ். பகலில் சமைக்க முடிந்த நாளில் கரண்ட். புகை வெளியே போக வழி இருந்தால் மட்டும் விறகு. ஆனால் இந்த மூன்றையும் விடப் பெரிய கணக்கு ஒன்று பானைக்குள் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் மூன்று கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்வதால்தான் எடை கூடுகிறது. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடியும்போது ஏறக்குறைய 37 கிலோ. அடுப்பின் வெப்பத்தில் பாதியளவுதான் பானைக்குள் போகிறது, மீதி பக்கவாட்டில் வீணாகிறது.

இன்டக்சன் அடுப்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் 85 சதவீதம் அளவைப் பானைக்குக் கொடுத்துவிடும். அப்படியென்றால் கரண்ட்தானே நல்லது என்று மகள் கேட்பாள். அந்த நேரத்தில் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை இலங்கை முழுவதும் மின்தேவை உச்சத்தில் இருக்கும். சூரியன் இல்லை, நீர்மின்சாரம் மட்டும் போதாது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தோடு எண்ணெயில் ஓடும் நிலையங்களும் வேலை செய்யும். பகலில் நிலைமை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆகவே சனி, ஞாயிறு மதியச் சமையலுக்கு ரைஸ் குக்கரைத் தாராளமாகப் போடுங்கள்.

விறகைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிரட்டை, பாளை, மட்டை எரிந்து வரும் காபனீரொட்சைட்டை வளரும் தென்னைகள் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த வகையில் அது நல்ல எரிபொருள்தான். ஆனால் மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பம்தான் பானைக்குப் போகும். சரியாக எரியாத விறகு தரும் கரிப்புகையும் பூமியைச் சூடாக்குகிறது. அதைவிட எனக்குக் கவலை, அந்தப் புகை முதலில் போவது உங்களுடைய நெஞ்சுக்கும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் என்பது. விறகுதான் என்றால் இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்பை வாங்குங்கள், நன்றாகக் காய்ந்ததை மட்டும் எரியுங்கள், பிள்ளையைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். வாவிக்கரைக் கண்டல் மரத்தை மட்டும் விறகுக்கு வாங்கவே வேண்டாம். அதன் வேர் பிடித்திருக்கும் சேற்றுக்குள் பல காலத்துக் காபன் புதைந்து கிடக்கிறது.

இனிப் பானைக்குள் வருவோம். ஒரு கிலோ அரிசி வேக என் கணக்கில் 110 கிராம் அளவு காஸ் போதும். அதாவது சுமார் 330 கிராம் காபனீரொட்சைட்டு. ஆனால் அந்த அரிசி வீட்டுக்கு வரும் முன்பே இரண்டு முதல் நான்கு கிலோ வரை காபனீரொட்சைட்டுக்கு ஈடான பாரம் கணக்கில் ஏறிவிடுகிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டையில், அதாவது வயல்வெளியில், தண்ணீர் கட்டி நிற்கும்போது, காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேனை விடுகின்றன. 20 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் 80 கிலோ காபனீரொட்சைட்டுக்கு மேல் சூடாக்கும். இதற்காக விவசாயியைக் குறை சொல்ல முடியாது. சிறுபோகத்தில் வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மெதேன் நன்றாகக் குறையும், மாரி வெள்ளாமையில் அது கடினம். அந்த மாரியும் மாறிவருகிறது. காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், பெய்யும்போது ஒரேயடியாகப் பெய்யும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கதிர்கள் வெள்ளத்துக்குள் கிடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை.

இதை வீட்டுக் கணக்காக்கினால் இப்படி வரும். ஒரு சுண்டு (அரிசி அளக்கும் சிறு பேணி) அரிசிச் சோற்றைக் கொட்டினால், ஒரு கிலோ அரிசியைக் காஸில் சமைத்ததைவிடக் கூடுதலான பாரம் வீணாகிறது. அதனால் அடுப்பை மாற்றும் முன் அரிசியை அளந்து போடுங்கள். மிஞ்சினால் சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள், வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கவிட்டால் கெட்டுப்போகும். காலையில் தயிர், வெங்காயம், பச்சைமிளகாயோடு பழஞ்சோறு. எங்கள் அம்மம்மா காலநிலை என்ற சொல்லைக் கேட்காமலே செய்துவந்தது இது.

அடுப்பில் செய்யக்கூடியவை சில உண்டு. சிவப்பரிசியை வேலைக்குப் போகும் முன்பே கழுவி ஊறவையுங்கள், மாலையில் விரைவாக வேகும். மூடி போடுங்கள். கொதித்ததும் தீயைக் குறையுங்கள், கொதிக்கும் தண்ணீர் பெரிய தீயிலும் அதே சூட்டில்தான் இருக்கும், ஆவி மட்டும் கூடும். சோறு முக்கால் பதம் வந்ததும் இறக்கிப் பழைய சாரத்தால் சுற்றி வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அந்த நேரத்தில் அதே அடுப்பில் புளியாணத்தை முடித்துக்கொள்ளலாம்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். புதுச் சிலிண்டர் பூட்டுகிற நாளைக் கலண்டரில் குறிக்கட்டும், கொட்டிய சோறு எத்தனை சுண்டு என்று தினமும் பக்கத்தில் எழுதட்டும். சிலிண்டர் முடிந்ததும் இரண்டு கணக்கையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.