பால் சுறாவுக்கும் தேன் குடிக்கிற வவ்வாலுக்கும் ஏதாவது ஒற்றுமை இருக்கா?

இருக்குங்க, பெரிய ஒற்றுமையே இருக்கு. ரெண்டுமே தாய் வயித்துல நஞ்சுக்கொடியோட வளந்து குட்டியா பொறக்குறதுங்க.

பால் சுறாவ நாகப்பட்டினம், பழையாறு பக்கம் ஏலக்கூடத்துல பாத்துருப்பீங்க, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ளதான் இருக்கும், பிள்ளை பெத்தவங்களுக்கு புட்டு செஞ்சு குடுக்கன்னு வாங்கிட்டுப் போவாங்க. மீனுன்னா முட்டைதான் போடும்னு நெனைப்போம், ஆனா இதுல குட்டி மொதல்ல கருப்பையில இருந்துகிட்டு தன்னோட மஞ்சக்கரு பையில உள்ள சத்துல வளரும், அது தீர்ற நேரத்துல அந்தப் பையே கருப்பை சுவத்துல ஒட்டி நஞ்சுக்கொடியா மாறிடும், அதுக்கப்புறம் தொப்புள்கொடி வழியாதான் சாப்பாடு, எனக்கு இதப் படிச்சப்ப உண்மையிலேயே சிலிர்த்துப் போச்சு. ஏறக்குறைய ஒரு வருஷம் சுமக்கும். பெரும்பாலும் 2லேர்ந்து 5 குட்டி, ஒவ்வொண்ணும் ஒரு அடிக்கு மேல.

வவ்வாலுக்கு வருவோம். தேனையே நம்பி இருக்குற குகை வவ்வால் இனம் ஒண்ணு இருக்கு, ஆனா டெல்டாவுல குகை ஏது, இங்க அந்த வேலைய பாக்குறது குட்டை மூக்கு பழந்தின்னி வவ்வால்தான். பழமும் தின்னும், வாழைப்பூ தேனும் குடிக்கும். நம்ம வாழை மகரந்தம் சேராமலே காய்க்கும், அதனால திருவையாத்து வாழைக்கொல்லைக்கு இதால பெருசா லாபம் இல்ல, இலவமரத்துக்கு அப்படி இல்ல, பூ ராத்திரிலதான் விரியும், மூஞ்சில மகரந்தத்த அப்பிக்கிட்டு இது மரத்துக்கு மரம் போறது காய் புடிக்க பெரிய ஒத்தாசை. ஒரு ஈத்துக்கு ஒரே குட்டி, தாயோட எடையில கிட்டத்தட்ட கால்வாசி!

பொறந்த பிறகுதான் வழி பிரியுது. சுறாக்குட்டி அந்த நிமிஷமே தனியா போயிரும், வவ்வால் குட்டி வாரக்கணக்குல அம்மாகிட்ட பால் குடிக்கும்.

இவ்வளவு கம்மியா குட்டி போடுறதுனால, எண்ணிக்கை கொறஞ்சா இந்த ரெண்டும் மத்தி மீன் மாதிரி திரும்ப சட்டுனு பெருகாது. பால் சுறாவ உலக இயற்கை பாதுகாப்பு சங்கம் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனம்னு பட்டியல்ல வச்சிருக்கு. ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் விசைப்படகுக்குத் தடை இருக்கு, ஆனா ஒரு வருஷம் சுமக்குற உயிருக்கு 61 நாள் எந்த மூலைக்கு, சினைச்சுறா மத்த மாசத்துல வலையில வரத்தான் செய்யும். பழந்தின்னி வவ்வால்ல பெரும்பாலானத 1972 வனவிலங்கு சட்டத்துல எலி, காக்காயோட சேத்து தீங்குயிரி, அதாவது யாரும் கொல்லலாம்ங்குற அட்டவணையில வச்சிருந்தாங்க, 2022 திருத்தத்துலதான் அந்த அட்டவணைய எடுத்தாங்க. உங்க கொல்லைப் பனைமரத்துல காஞ்ச மட்டைக்குள்ள இதுங்க தங்கியிருந்தா, குட்டி பெருசாகுற வரைக்கும் மட்டைய கழிக்காம விடுங்க.