பச்சோந்தி ஏன் கண்ணாடியில் ஏறி ஏறி விழுகிறது?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர் மேடம், மூன்று வாரம் முன்பு, மழை விட்ட மறுநாள், வாழப்பாடியில் எங்கள் மாமனார் தோட்டத்து வேலியோரம் ஒரு பச்சோந்தி தரையில் போய்க்கொண்டிருந்தது. ரோட்டுக்கு வந்து அடிபட்டுவிடுமே என்று என் மகன் எடுத்து வந்தான். பழைய மீன் தொட்டியில் கிளையும் இலையும் போட்டு, மேலே வலை கட்டி வைத்திருக்கிறோம். முதலில் வெட்டுக்கிளி கொடுத்தால் நன்றாகச் சாப்பிட்டது. இப்போது நான்கு நாளாக எதையும் தொடவில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கண்ணாடியில் ஏறுகிறது, விழுகிறது, மறுபடி ஏறுகிறது. மூலையில் போய் முன்காலால் பிறாண்டுகிறது. இன்னும் எங்களுக்குப் பழகவில்லையா, இல்லை ஏதாவது நோயா?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே உங்களிடம் போனில் பேசிவிட்டேன், ஏனென்றால் இது அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

பச்சோந்தி மரத்தில் வாழ்கிற ஜீவன். காற்றில் ஆடுகிற இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடி ஓர் அடி எடுத்து வைக்கும், அவ்வளவு நிதானம். அது தரைக்கு இறங்கி நடக்கிறது என்றால் காரணம் இருக்கும். பெண்ணாக இருந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் மண் இளகியிருந்தால், பெரும்பாலும் முட்டையிட இடம் தேடித்தான் இறங்கியிருக்கும். நீங்கள் சொன்ன மற்ற அடையாளங்களும் அதற்கே பொருந்துகின்றன: நன்றாகத் தின்றுகொண்டிருந்தது திடீரென்று தீனியை விடுவது, மூலையைப் பிறாண்டுவது, ஓரிடத்தில் நிற்காமல் அலைவது. வயிற்றின் இரண்டு பக்கமும் மேடு மேடாகத் தெரிகிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றீர்கள். அப்புறம் எனக்குச் சந்தேகமே இல்லை. அது பிறாண்டியது மண்ணைத் தேடி, கிடைத்ததோ தொட்டியின் கண்ணாடித் தளம்.

நம் ஊர்ப் பச்சோந்தி மண்ணில் குழி தோண்டி, இருபது முப்பது முட்டைகூட இட்டு, மூடிவிட்டுப் போகும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைக்கும், நாள் போகப்போக அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும், தாய் செத்துப்போகும். சில வருடம் முன்பு என்னிடம் ஒருவர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார், ‘பத்து நாளாகத் துள்ளிக்கொண்டே இருந்தது, நேற்றிலிருந்துதான் அமைதியாகிவிட்டது’ என்று நிம்மதியாகச் சொன்னார். அந்த அமைதி வந்தபோது எல்லாம் கைமீறியிருந்தது. இறந்தபின் அறுத்துப் பார்த்தேன், வயிறு முழுக்க முட்டை. ஒரு வாளி மண் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்பது இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை.

அதனால்தான் உங்களை உடனே ஒரு பெரிய வாளியில் மணலும் தோட்டத்து மண்ணும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவு ஈரத்தோடு, ஓர் அடி ஆழம் போடச் சொன்னேன். தொட்டியைச் சுற்றித் துணி கட்டச் சொன்னதற்கு இரண்டு காரணம். தோண்டும்போது யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பாதியில் விட்டுவிடும். அதோடு, கண்ணாடி என்று ஒன்று இருப்பதே அதற்குப் புரியாது, வெளியே தெரிகிற வழி ஏன் அடைபட்டிருக்கிறது என்று முட்டிக்கொண்டே இருக்கும், தன் உருவம் தெரிந்தால் இன்னொரு பச்சோந்தி வந்துவிட்டதென்று மிரளும். இவை தனியாக வாழ்கிறவை, துணை என்று இன்னொன்றைக் கொண்டுவந்து விட்டால் அதுவும் சித்திரவதைதான். கிண்ணத்துத் தண்ணீர் பெரும்பாலும் இவற்றின் கண்ணிலேயே படாது. இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கிக் குடிக்கும், ஆகவே ஸ்பிரே பாட்டிலால் இலைகளை நனைக்க வேண்டும்.

இனி நேராகவே சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் மகன் நல்ல மனதோடுதான் எடுத்து வந்தான். ஆனால் நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம். பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன், காட்டில் பிறந்த பச்சோந்தி நம்மிடம் பழகாது, அடங்கிப்போவது போலத் தெரியும், அவ்வளவுதான். ரோட்டைக் கடக்கிறதைப் பார்த்தால், ஒரு குச்சியை முன்னால் நீட்டி அதில் ஏறவிட்டு, அது போகிற பக்கத்து வேலியில் விட்டால் போதும். வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், பயந்துகொண்டு ராத்திரியில் ஏதோ ஒரு பூங்காவில் விட்டுவராதீர்கள். நீங்கள் மறுநாள் காலையிலேயே தகவல் சொல்லி, அவர்கள் வந்து வாங்கிப்போய் அதே வேலியோரத்தில் விட்டதாகச் சொன்னீர்கள். மனசு நிறைந்துவிட்டது. மகனிடம் சொல்லுங்கள், அவன் செய்த நல்ல காரியம் அதுதான்.

கேள்வி: பெங்களூரில் வாங்கிய வெய்ல்டு கமீலியன் என்ற வெளிநாட்டுப் பச்சோந்தி வைத்திருக்கிறேன், ஆண், பத்து மாதம், முறையாகப் பதிவும் செய்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் கூண்டு வலையைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகிறது, காலையில் கருத்துப்போய் இருக்கிறது. ஹாலில், ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன்.
— வாசகர், ஏற்காடு

பதில்: பதிவு செய்ததற்கு முதலில் நன்றி. இதுபோன்ற வெளிநாட்டு இனங்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் விதி வந்தபிறகும் பலர் கண்டுகொள்வதில்லை.

காலைக் கருப்பு பெரும்பாலும் குளிர்தான், கருத்த உடம்பு வெப்பத்தைச் சீக்கிரம் வாங்கும். இது ஏமன், சவுதி மலைப்பக்கத்து இனம், ராத்திரிக் குளிரைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் பகலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள மேல்கிளையில் 30 டிகிரி போல ஓர் இடம் வேண்டும், கீழே போனால் குளிர்ச்சியும் வேண்டும். பல்பை வலைக்கு வெளியே மாட்டுங்கள், உள்ளே இருந்தால் ஏறிச் சுட்டுக்கொள்ளும். ஏற்காட்டில் நாள் கணக்கில் பனிமூட்டம் நிற்கும், வெயில் வந்தாலும் ஜன்னல் கண்ணாடி அதற்குத் தேவையான புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும். எனவே அந்தக் கதிரைத் தருகிற யுவிபி பல்பு கட்டாயம். நாளாக ஆக, பல்பில் வெளிச்சம் வந்தாலும் கதிர் குறைந்துவிடும், கம்பெனி சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் எலும்பு மெலிந்து கால் வளையும்.

மற்றபடி, இந்த வயதில் ஆண் இணை தேடி அலைவது இயல்பு. கூண்டைத் தரையில் வைத்திருந்தால் நம் தலை உயரத்துக்கு ஏற்றி வையுங்கள், எதிரே ஷோகேஸ் கண்ணாடியோ டிவியோ இருந்தால் நகர்த்துங்கள், நடுவில் இலைகளை அடர்த்தியாக வையுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். கண் உள்வாங்கினாலோ கிளையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கினாலோ காத்திருக்காதீர்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பச்சோந்தி உட்கார்ந்த இடத்தின் நிறத்துக்கு மாறும் என்பது உண்மையா?
— பள்ளி மாணவி, ஓமலூர்

பதில்: நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை, கண்ணு. சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகாது. கோபம், பயம், குளிர், வெயில், எதிரே இன்னொரு பச்சோந்தி, இவற்றுக்குத்தான் முக்கியமாக நிறம் மாறுகிறது. தோலுக்குள் மிகமிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அந்த இடைவெளி கூடிக் குறையும்போது தெறிக்கிற ஒளியின் நிறமும் மாறுகிறது என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தியில் கண்டார்கள். சித்திரை வெயிலில் உங்கள் ஊர்ப்பக்கம் ஒன்று வெளிறிப்போய், வாயைத் திறந்தபடி இருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். தொடாமல், மேலே இருக்கிற இலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு வா.