சம்பலுக்குள்ள போட்ட மாசி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் முல்லைத்தீவு கரைப்பக்கத்துப் பிள்ளை, வேலை கிளிநொச்சியில ஒரு ஒபிசில. பேர் போடாதேங்கோ. அப்பா கடல் தொழில். எங்கட சாப்பாட்டு அறையில போன மாசம் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கினம், "மச்சம் கொண்டுவர வேண்டாம்" எண்டு. முந்தி வெள்ளிக்கிழமை மட்டும்தான் அப்பிடி, அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல, நானும் வெள்ளி சைவம்தான். இப்ப எல்லா நாளும். ஒட்டினது நாலு பேர், மீன் சாப்பிடுறது பதினைஞ்சு பேர், ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. நாலு பேரில ஒரு அக்கா என்னட்ட நேர சொன்னவ, "உங்கட ஆக்களுக்கு மணம் பழகிப்போச்சு, எங்களுக்கு ஏலாது" எண்டு. அந்த "உங்கட ஆக்கள்" இன்னும் நெஞ்சுக்க நிக்குது. இப்ப நான் மோட்டச்சைக்கிள் விடுற கொட்டிலுக்குப் பின்னால இருந்து சாப்பிடுறன்.

வீட்ட வந்தா வேற சண்டை. கனடாவில இருந்து தம்பி வந்து நிக்கிறான், அவன் வீகன். பால், முட்டை, தேன் ஒண்டும் தொடான். வந்த ரெண்டாம் நாள் அப்பா வலை பொத்திக்கொண்டிருக்கேக்க "இதுவும் கொலைதான் அப்பா" எண்டு சொல்லிப்போட்டான். அப்பா ஒண்டும் கதைக்கேல்ல, எழும்பிப் போட்டார். அம்மாவுக்கும் எனக்கும் சரியான கோபம். அடுத்தநாள் அவன்ர சம்பலுக்குள்ள மாசித்தூள், அதுதான் காய்ஞ்ச மீன் தூள், போட்டுக் குடுத்தம். நல்லா இருக்கெண்டு ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டான், பேந்து சொல்லி எல்லாரும் சிரிச்சம். அண்டையில இருந்து அவன் வீட்டில சாப்பிடுறேல்ல, வாழைப்பழமும் கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து அறைக்குள்ள இருந்து சாப்பிடுறான். கண்ணப்ப நாயனார் சிவனுக்கே இறைச்சி படைச்சவர்தானே அக்கா, பேந்தென்னத்துக்கு இவையெல்லாம் எங்களைக் கீழ பாக்கினம்? மச்சம் சாப்பிடுறது பிழையோ?

இப்படிக்கு,
தங்கச்சி

---

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் அந்தப் பேப்பர் ஒட்டின ஆக்களில கோபம் வந்தது, ரெண்டாந்தரம் உங்களிலயும் வந்தது, அதையும் எழுதத்தான் போறன், குறை நினைக்காதேங்கோ.

முதல் அந்தக் கொட்டில். நாளைக்கே அதுக்குப் பின்னால இருந்து சாப்பிடுறதை விடுங்கோ. நீங்கள் களவெடுத்த சாப்பாடு சாப்பிடேல்ல, அப்பா விடியப்புறம் கடலுக்குப் போய்ப் பிடிச்சதை அம்மா அடுப்பில வைச்சுத் தந்ததைத்தான் சாப்பிடுறீங்கள். மணம் எண்டு ஒண்டு இல்லையெண்டு நான் சொல்லேல்ல, பிறந்ததில இருந்து சைவமா இருக்கிற ஒருத்தருக்குப் பக்கத்தில திருக்கைக் கறிப் பெட்டியைத் திறந்தால் அவவுக்கு வயித்தைப் பிரட்டும், அது நடிப்பில்லை. அதுக்கு நேரத்தை மாத்திச் சாப்பிடலாம், யன்னலோரம் ஒரு மேசை போடலாம், கருவாடும் திருக்கையும் ஒபிசுக்கு வேண்டாமெண்டு நீங்களே விட்டுக்குடுக்கலாம். அதெல்லாம் பக்கத்தில இருந்து கேட்டால் செய்யிற விசயம். சுவரில ஒட்டுறது கேக்கிறது இல்லை. "உங்கட ஆக்கள்" எண்ட சொல்லும் மீனைப் பற்றினது இல்லை, அது சாதியையும் ஊரையும் பற்றினது, அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதால ஒபிசுப் பெரியவரிட்டப் போய்க் கதைக்கேக்க மணத்தைப் பற்றி வாதாடாமல் அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ, அந்தப் பேப்பரைக் கழட்டவேணும் எண்டும் சொல்லுங்கோ.

எங்கட ஆக்களுக்கு இதில ஒரு பெரிய குழப்பம் சொல்லில இருந்தே வருது. சமயத்துக்கும் சைவம் எண்டுதான் சொல்லுறம், மரக்கறிச் சாப்பாட்டுக்கும் சைவம் எண்டுதான் சொல்லுறம். அப்ப மீன் சாப்பிடுறவன் ஏதோ அரைச் சைவக்காரன் மாதிரி ஒரு நினைப்பு சின்னனில இருந்தே மனசில விழுந்துபோகுது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1822இல பிறந்து 1879இல இறந்தவர், அவர் கள்ளையும் புலாலையும் விடவேணும், கோயிலில உயிர்ப்பலி கூடாது எண்டு கடுமையாச் சொன்னவர். அவர் செய்த நல்ல வேலையளை நான் மறுக்கேல்ல, பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அவரால வந்தது. ஆனால் அவருக்குக் கண்ணகியைக் கும்பிடுறதும் பிடிக்கேல்ல, அந்தக் காத்தில யாழ்ப்பாணத்தில கனக்கக் கண்ணகி கோயில்கள் பேந்து வேற அம்மன் பேருக்கு மாறிப்போச்சு. வன்னியில மாறேல்ல. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கோயிலில இண்டைக்கும் அவ கண்ணகிதான்.

நீங்கள் அந்தக் கரைப் பிள்ளை, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, எண்டாலும் சொல்லுறன். வைகாசிப் பொங்கலுக்கு முதல் சிலாவத்தைக் கடலில போய்த் தீர்த்தம் எடுத்துக்கொண்டு வருகினமே, அந்த உப்புத் தண்ணியிலதான் அம்மன்ர விளக்கு எரியுதெண்டு எங்கட சனம் முழுக்க நம்புது. அந்தத் தண்ணியில உங்கட அப்பாவின்ர வலை கிடந்தது, சூடை மீனும் கீரி மீனும் நீந்தினது, அதைத் தூக்கிக்கொண்டு வரேக்க ஒருத்தரும் மச்சத் தண்ணியெண்டு முகத்தைச் சுளிச்சதை நான் என்ர வயசுக்குக் காணேல்ல. அந்த நாளுகளில கரையில மீன் வாங்குற ஆள் குறைவு, தொழிலுக்குப் போறவையும் சைவம் காப்பினம், ஆரும் பேப்பர் ஒட்டித்தான் காக்கினமெண்டில்லை. கௌரிகாப்பு இருபத்தொரு நாளும் கந்தசஷ்டி ஆறு நாளும் அப்பிடித்தான், வீட்டில ஒருத்தர் விரதம் எண்டால் மச்சச்சட்டி தானா மேல ஏறிவிடும். அந்தப் பழக்கம் எனக்கு நல்ல விருப்பம். அது என்ர வாயை நான் கட்டுறது, மற்றவன்ர வாயைக் கட்டுறது இல்லை.

மற்றவன்ர வாயைக் கட்டப் போனால் என்ன நடக்குமெண்டு இந்த நாட்டிலயே பாத்திருக்கிறம். 1990இல அரசாங்கம் குளத்து மீன்பிடிக்குக் குடுத்துவந்த உதவியை நிப்பாட்டினது, உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக்கூடாதெண்டு பிக்குமார் கேட்டதால. மீன்குஞ்சு விடுறது நிண்டது, கண்காணிப்பு நிண்டது, சின்னக்கண் வலையால குஞ்சையும் சேத்து வாரினாங்கள், குளங்களில மீன் குறைஞ்சுது. 1994இல திரும்பத் தொடங்கினாங்கள். இந்த நாலு வருசத்தில மீன் சாப்பிடுறதை நாடு விட்டுதோ? இல்லை. கடல் மீன் வாங்கக் காசிருந்தவன் வாங்கினான், குளத்தை நம்பியிருந்த ஏழைச் சனம்தான் தட்டில மீன் இல்லாமல் இருந்தது. பேந்து 2020இல மாடு வெட்டத் தடை எண்டு அமைச்சரவை கொள்கையளவில ஒத்துக்கொண்டது, அதோட சேத்து மாட்டிறைச்சி சாப்பிடுறவைக்கு வெளிநாட்டில இருந்து இறக்கித் தருவம் எண்டும் சொன்னது, அப்ப அங்க சாகிற மாடு மாடில்லையோ? எங்கட மாட்டுப் பட்டிக்காரர் அண்டைக்குக் கேட்டது ஒரே கேள்வி, உழவுக்கு ட்ராக்டர் வந்திட்டுது, நாம்பன் எண்ட ஆண் மாட்டையும் பால் வத்தின கிழட்டுப் பசுவையும் நான் என்ன செய்யிறது எண்டு. அதுக்கு மறுமொழி சொல்ல ஆக்களில்லை.

இந்த இடத்திலதான் உங்கட தம்பி வாறார். அவர் சொல்லுறதில சரி இருக்கு, அதை மறைக்க என்னால ஏலாது. பாலும் நெய்யும் கொலையில்லாத சாப்பாடெண்டு எங்கட சைவக்காரர் நினைக்கினம், ஆனால் பசு கண்டு போட்டால்தான் பால், போடுற கண்டில பாதி நாம்பன், அந்த நாம்பன் கடைசியில எங்க போகுதெண்டு மாங்குளத்திலயும் துணுக்காயிலயும் பட்டி வைச்சிருக்கிற ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். உங்கட சாப்பாட்டு அறையில தயிர்ச்சோறு கொண்டுவாற அக்காவும் இதுக்கு வெளியில இல்லை. வீகன் எண்ட சொல்லு 1944இல இங்கிலாந்தில உண்டானது, முட்டையையும் பாலையும் விடாமல் நாங்கள் கொல்லேல்ல எண்டு சொல்லேலாது எண்டு நினைச்ச கொஞ்சப் பேர் அந்தப் பேரை வைச்சவை. கொல்லாமை எங்களுக்கு வெள்ளைக்காரன் சொல்லித்தந்ததும் இல்லை, புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் வள்ளுவர் ஒவ்வொரு அதிகாரமே வைச்சவர். உங்கட தம்பி அந்த வழியில ஒரு அடி கூட வைச்சிருக்கிறார், அவ்வளவுதான். (பி12 மட்டும் மரக்கறியில கிடையாது, அவர் குளிசை எடுக்கிறாரோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ, அக்காவாக் கேளுங்கோ.)

கண்ணப்ப நாயனாரை விடுங்கோ. ரெண்டு பக்கமும் அவரை எடுத்து எறிஞ்சுகொண்டிருக்கு. அவர் தான் சாப்பிடுறதில நல்லதைத் தெரிஞ்சு அன்பில குடுத்தவர், ஆற்றையும் வாய்க்குள்ள ஏமாத்தித் திணிக்கேல்ல.

எனக்கு உங்களில கோபம் வந்தது அந்தச் சம்பலில. 2009 மாசி பங்குனி மாசங்களில, கடைசிச் சண்டை நேரம், நாங்கள் முல்லைத்தீவுக் கரையில மாத்தளனில இருந்தனாங்கள், தறப்பாள் கொட்டில், பக்கத்தில பங்கர். எங்களுக்கு ஒரு பக்கம் இரணைமடுப் பக்கத்தில இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு வயசுபோன அம்மா, புருசன் செத்த நாளில இருந்து சைவம். மற்றப் பக்கம் கடற்தொழில் செய்யிற ஒரு குடும்பம், கைக்குழந்தையோட. மரக்கறி எண்டு ஒண்டும் இல்லை, பருப்பு விலை வாயால சொல்லேலாது, ஷெல் கொஞ்சம் ஓய்ஞ்ச நேரங்களில அந்தத் தொழிலாளி வீச்சுவலையோட இறங்கி அஞ்சாறு மீன் கொண்டுவருவார், எங்களுக்கும் ரெண்டு தருவினம். அந்த அம்மா நாளுக்கு நாள் வத்திக்கொண்டு போனா. எங்கட அம்மா ஒருநாள் நினைச்சா, மீன் அவிச்ச தண்ணியைக் கொஞ்சம் கஞ்சிக்குள்ள விட்டுக் குடுத்தால் தெரியவா போகுது, உடம்புக்குத் தெம்பு வருமெண்டு. உங்களை மாதிரிச் சிரிக்கிறதுக்கு இல்லை, இரக்கத்திலதான். அதை மறிச்சது அந்த மீன்காரப் பெண். "சொல்லாமல் குடாதேங்கோ அம்மா, கேட்டுக் குடுங்கோ" எண்டா. கேட்டம். அந்த அம்மா வேண்டாமெண்டு தலையை ஆட்டினா. அதோட சரி, ஆரும் வற்புறுத்தேல்ல. அடுத்தநாளில இருந்து அந்தப் பெண் ஒரு பால்மா ரின்னைக் கடல் மண் போட்டுத் தேய்ச்சு, அந்த அம்மா பாத்துக்கொண்டிருக்கத்தக்கதாக் கழுவி, அதுக்குள்ள அரிசியும் உப்பும் மட்டும் போட்டு அவவுக்குக் கஞ்சி காய்ச்சினா. குடிக்கவே தண்ணிக்கு அலைஞ்ச இடத்தில அவ அந்த ரின்னைக் கழுவினவ, தங்கச்சி. அந்த அம்மா என்ன செய்தவ எண்டால், இவ மீன் வெட்டேக்க பக்கத்திலயே குந்தியிருந்து குழந்தையை மடியில வைச்சிருப்பா. மணக்குதெண்டு ஒருநாளும் தள்ளிப் போகேல்ல. அந்த ரெண்டு பேரையும் மே மாசத்துக்குப் பிறகு நான் காணேல்ல.

அதால எனக்கு உங்கட சம்பல் கதையைச் சிரிச்சுக் கடக்க ஏலாமல் போச்சு. ஒபிசில அவை உங்களைக் கேக்காமல் பேப்பர் ஒட்டினதும், வீட்டில நீங்கள் தம்பியைக் கேக்காமல் மாசி போட்டதும் எனக்கு ஒரே பக்கத்திலதான் நிக்குது. இன்னும் சொன்னால் ரெண்டாவது கூடப் பிழை, ஏனெண்டால் அவர் அம்மா கையால குடுத்ததை நம்பிச் சாப்பிட்டவர். இப்ப வாழைப்பழத்தோட அறைக்குள்ள இருக்கிறது உங்கட சமையலை வெறுத்து இல்லை, எதை நம்பிச் சாப்பிடுறதெண்டு அவருக்குத் தெரியேல்ல.

தம்பியும் பிழை செய்தவர், அதையும் சொல்லுறன், இதை அவருக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. வலை பொத்திக்கொண்டிருக்கிற மனுசன்ர முகத்துக்கு நேர அதைக் கொலையெண்டு சொல்லுறதுக்கு முதல், அந்த வலைதான் தன்னைப் படிப்பிச்சது எண்டதை அவர் நினைச்சிருக்கவேணும். 2004இல சுனாமி வந்து முல்லைத்தீவுக் கரையை வழிச்சுக்கொண்டு போனது, 2009இல மிச்சமும் போச்சு, 2022இல மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் கரையில கிடந்தது, இவ்வளவுக்குப் பிறகும் அந்த வயசில ஒருத்தர் கடலுக்குப் போறாரெண்டால் அது கொல்லுற ஆசையில இல்லை. இழுவைமடி போட்டு அடிக்கடலை வழிச்சு அள்ளுறவனையும் கைவலையோட போறவரையும் ஒரே சொல்லுக்க அடைக்கிறது நீதியில்லை. கொலையெண்ட சொல்லை அவர் தன்ர தட்டுக்கு வைச்சுக்கொள்ளட்டும். அப்பாவிட்டப் போய்க் கதைக்கட்டும், மன்னிப்பெண்டு சொல்லக் கூச்சமெண்டால் பக்கத்தில இருந்து அந்த வலையின்ர ஒரு கண்ணைப் பொத்திக் குடுக்கட்டும், அதில ஒரு மீனும் சாகாது.

மச்சம் சாப்பிடுறது பிழையோ எண்டு கேட்டீங்கள். நான் மீன் சாப்பிடுறனான், உயிர் போறது எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் சாப்பிடுறன், அதை நல்லதெண்டு சொல்ல நான் வரேல்ல. இந்த நாட்டுச் சனத்துக்குக் கிடைக்கிற விலங்குப் புரதத்தில பாதிக்கு மேல மீனாலதான் வருது, அதை இல்லையெண்டு சொல்லவும் வரேல்ல. உங்களுக்கு ஒருநாள் விடத் தோணினால் விடுங்கோ, ஆரோ வெக்கப்படுத்தினதுக்காக விடாதேங்கோ.

தம்பி எப்ப திரும்பிப் போறாரெண்டு எழுதேல்ல. அதுக்கு முதல் ஒருநாள் அவரைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதிரையில இருத்துங்கோ. மச்சச்சட்டியையும் மச்ச அகப்பையையும் எடுத்து வெளியில வையுங்கோ. அம்மியையும் குழவியையும் அவருக்கு முன்னாலயே ரெண்டு தரம் கழுவுங்கோ. பேந்து தேங்காயைத் துருவி, செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய், ஒவ்வொண்டையும் அவர் பாக்கப் பாக்க வைச்சு அரைச்சு, முதல் வாய் நீங்கள் சாப்பிட்டிட்டுக் குடுங்கோ.

அன்புடன்,
அக்கா