முதலாளி யாரென்று தெரியாத விளையாட்டு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை ஆடுகிறோம். அதை நடத்தும் ஜாகெக்ஸ் கம்பெனி கைமாறிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒருமுறை வாங்கியவர் யாரென்றே தெரியாமல் இருந்ததாமே? இப்படி இருந்தால் எதை நம்பி வருடச் சந்தா கட்டுவது?

சி.

அன்புள்ள சி.,

நீங்கள் கேள்விப்பட்டது 2020இல் நடந்தது. கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் 2016இல் சீன முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. அவர்களில் கடைசியாக வைத்திருந்த ஃபுகாங் இன்டராக்டிவ், 2020இல் 53 கோடி டாலருக்கு மக்கார்தர் ஃபார்ச்சூன் ஹோல்டிங்குக்கு விற்றது. விளையாட்டுத் துறையில் யாரும் கேட்டிராத பெயர். 2021 ஜனவரியில் கார்லைல் குழுமம் என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தின் பெயர் வந்த பிறகுதான் ஆட்டக்காரர்களுக்கு மூச்சு வந்தது. 2024இல் அதுவும் விற்றுவிட்டது. இப்போது சி.வி.சி., ஹவேலி என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முகம் தெரியாத அந்த மாதங்களில், புதிய அம்சம் வேண்டுமா என்று ஆட்டக்காரர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பு நிற்கவில்லை, ஆட்டமும் கெடவில்லை. சந்தா கட்டியவருக்கும் விளம்பரம் காட்டலாமா என்று நூல் விட்டுப் பார்த்த கருத்துக்கணிப்பு வந்தது 2025 ஜனவரியில், உரிமையாளர் பெயர் ஊரறிந்த காலத்தில். பலர் சந்தாவை ரத்து செய்தார்கள், தலைமை நிர்வாகியே மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. ஆகவே பெயர் தெரிவதை மட்டும் வைத்து நம்பிக்கையை அளக்காதீர்கள். கம்பெனியை வாங்கப் போட்ட பணம் எங்கிருந்து வந்தது, அதை யாரிடமிருந்து திரும்ப எடுக்கப்போகிறார்கள் என்று பாருங்கள்.

அதைப் பார்க்க வழி இருக்கிறது. பிரிட்டனின் கம்பெனிஸ் ஹவுஸ் பதிவேட்டை யாரும் இலவசமாகத் திறக்கலாம். ஜாகெக்ஸ் லிமிடெட் என்று தேடி, கிடைக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பெயர் மாறினாலும் எண் மாறாது. அடுத்து, கட்டுப்பாடு உள்ளவர்கள் பகுதி. 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்கோ உள்ளவர் பெயர் அங்கே இருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே ஆள் இருக்க மாட்டார், இன்னொரு கம்பெனிதான் இருக்கும். அதைத் தேடினால் அதற்கு மேல் ஒன்று. படியேறிக்கொண்டே போனால் ஓரிடத்தில் படி தீர்ந்துவிடும்: முதலீட்டு நிதியில் பணம் போட்டவர்கள் பலர், தனியாக 25 சதவீதத்தைத் தாண்டியவர் இல்லை, எனவே யார் பெயரும் இல்லை. சட்டப்படி அதில் தப்பில்லை. ஒளித்துவைக்க ஆசைப்படுபவருக்கும் அதே சந்து போதும்.

அங்கே முட்டிக்கொண்டால் ஆண்டுக் கணக்கைத் திறந்து கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் என்று ஒரு குறிப்பு இருக்கும். சிக்கல் என்னவென்றால், தனியார் கம்பெனிக்குக் கணக்கு தாக்கல் செய்ய நிதியாண்டு முடிந்து 9 மாதம் அவகாசம். கைமாறிய சூட்டில் தேடினால் பழைய முதலாளியைத்தான் பார்ப்பீர்கள்.

என் கண்ணுக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமானது அடமானப் பகுதி. கம்பெனியின் சொத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கினால் 21 நாளுக்குள் அங்கே பதிவாக வேண்டும். பதியாமல் விட்டால் கம்பெனி திவாலாகும்போது கடன் கொடுத்தவரின் ஈடு செல்லாது. அதனால் வங்கிக்காரர்களே விரட்டிப் பதியவைப்பார்கள். கைமாறிய சில வாரங்களில் புது அடமானம் ஏறியிருந்தால், வாங்கிய விலையில் ஒரு பங்கு கடன் என்று எடுத்துக்கொள்ளலாம். வட்டி கட்டப்போவது உங்கள் சந்தா. முதலாளியின் முகத்தை மறைக்கலாம், கடன் கொடுத்தவர் தன் காகிதத்தை மறைக்க விடமாட்டார்!

ஆட்டத்துக்குள் பார்க்க வேண்டியது வாக்கெடுப்பு. புதிய அம்சம் வர 75 சதவீத ஆதரவு வேண்டும் என்றிருந்ததை 2022இல் 70 ஆக்கினார்கள். சதவீதத்தைக் குறைத்ததுகூடப் பரவாயில்லை, அறிவித்துச் செய்தார்கள். வாக்குக்கே விடாமல் உள்ளே வரும் மாற்றங்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். 2021இல் 117 ஹெச்டி என்ற செருகியை (ஆட்டத்தை ஓட்ட உதவும் ரூன்லைட் என்ற வெளியார் மென்பொருளில் சேர்த்து, காட்சியை மெருகேற்றுவது) வெளியாகும் நேரத்தில் நிறுத்தச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். அதற்கு யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

சந்தாவுக்கு வருகிறேன். கைமாறும் பேச்சு அடிபடும்போது மாதச் சந்தாவே போதும், செலவு கொஞ்சம் கூடுதலானாலும். கையில் ஆட்டத்துத் தங்கம் இருந்தால் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற ஆட்டத்துச் சந்தையில் பாண்ட் வாங்குங்கள், ஒரு பாண்ட் 14 நாள் சந்தாவுக்குச் சமம். ஆனால் விலை ஏறும் என்று பாண்டை வாங்கிக் குவிக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் வாங்கிய பாண்டை அப்படியே மறுபடி விற்க முடியாது. விற்கத்தக்கதாக மாற்ற 10 சதவீதம் கட்டணம் போகும், லாபம் அதிலேயே கரைந்துவிடும்.