மிஷின் மாட்டியாச்சு, இன்னும் பேசலையே?

செவித்திறன் குறைந்த மழலைகளின் பேச்சுப் பயிற்சி பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்), ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுப் பயிற்சியாளர்) குழுவின் பதில்கள்.

மகனுக்கு மூன்று வயது. இரண்டு காதிலும் மிஷின் மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. நாலைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. மிஷினில் கோளாறா, பயிற்சியில் கோளாறா?
– வாசகி, திண்டுக்கல்

மிஷின் மாட்டிய நாளிலிருந்து வயதை எண்ணுங்கள். அந்தக் கணக்கில் அவனுக்கு 5 மாதம்தான். நன்றாகக் காது கேட்கும் 5 மாதக் குழந்தை ஒரு வார்த்தைகூடப் பேசாது. அதனால் நாலைந்து வார்த்தை என்பது நல்ல சேதிதான்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மாட்டியிருக்கிறான் என்று பாருங்கள். தூக்கம், குளியல் தவிர மற்ற நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும்; குறைந்தது 10 மணி நேரம். தினம் 4 மணி நேரம்தான் என்றால் அந்த 5 மாதம் உண்மையில் 2 மாதத்துக்குச் சமம். இப்போதைய டிஜிட்டல் மிஷின்கள் பலவற்றைக் கம்ப்யூட்டரில் இணைத்தால் தினசரி சராசரி நேரம் தெரிந்துவிடும். வீட்டில் சொல்லும் கணக்கும் மிஷின் காட்டும் கணக்கும் பல சமயம் ஒத்துப்போவதில்லை!

பிடுங்கி எறிகிறானா? கிளிப் கயிற்றால் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டிவிடுங்கள்; தொலையாது. ஒரே காதில் மட்டும் பிடுங்கினால் அங்கே சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பாருங்கள். மிக்சி ஓடும்போது மட்டும் பிடுங்கினால் சத்த அளவு கூடுதலாக வைக்கப்பட்டிருக்கலாம், ஆடியாலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? அடிக்கடி ‘கீ’ என்று விசில் வேறு அடிக்கிறது.
– வாசகர், விருதுநகர்

விசிலை முதலில் பார்ப்போம். காது வளர்ந்துவிட்டது, மோல்டு (காதின் அளவுக்கு அச்செடுத்து உள்ளே பொருத்தும் பகுதி) சின்னதாகிவிட்டது. இடுக்கு வழியே சத்தம் வெளியேறி மைக்கில் திரும்ப நுழைகிறது. சின்னக் குழந்தைகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை மோல்டு மாற்ற வேண்டிவரும். விசில் நிற்க வேண்டுமென்று வால்யூமைக் குறைத்து வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. விசில் நிற்கும், கூடவே குழந்தைக்குப் பேச்சும் எட்டாமல் போகும்.

தினமும் காலையில் 5 நிமிடம் ‘ஆறு ஒலிச் சோதனை’ செய்யுங்கள். காது கேளாத குழந்தைகளின் பேச்சுப் பயிற்சி நிபுணர் டேனியல் லிங் வகுத்த முறை இது. ம்ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளும் பேச்சின் மிகத் தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதி வரை தொட்டுவிடும். குழந்தை கையில் ஒரு ப்ளாக்கைக் கொடுத்து, சத்தம் கேட்டதும் டப்பாவில் போடப் பழக்குங்கள். ஒவ்வொரு காதாக, முதலில் 1 மீட்டர், பிறகு 2 மீட்டர் தூரத்தில் சாதாரணக் குரலில் சொல்லுங்கள்.

சோதனை கெட்டுப்போவது மூன்று இடங்களில். முகத்தைப் பார்த்துக் குழந்தை ஊகிப்பது ஒன்று. பக்கவாட்டிலோ பின்னாலோ உட்காருங்கள், கையால் வாயைப் பொத்தினால் ஒலியே மாறிவிடும். ஒரே இடைவெளியில் சொன்னால் தாளத்துக்குத் தக்கபடி ப்ளாக் விழும். வரிசையை மாற்றுங்கள், சில சமயம் 10 விநாடிகூட சும்மா இருங்கள். மூன்றாவது, நம் நாக்குப் பழக்கம். ‘ஸ்’ என்பதை ‘ஸு’ என்று சொல்லிவிடுவோம். குழந்தை உகரத்தைக் கேட்டுப் போடும். நாம் ‘ஸ்’ கேட்டுவிட்டது என்று நினைப்போம். வெறும் காற்றுச் சத்தம் போதும்.

ஆறும் கேட்கவில்லையென்றால் பேட்டரியையும், மிஷினையும் மோல்டையும் இணைக்கும் டியூபில் அடைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஷ், ஸ் மட்டும் போனால் டியூபில் வியர்வை ஈரம் இருக்கலாம். மோல்டைக் கழற்றி ப்ளோயரால் (கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பல்ப்) ஊதுங்கள், இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் மிஷினை வையுங்கள். ம்ம், ஊ போனால் மோல்டு தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் சரியாக இருந்தும் நேற்று கேட்டது இன்று கேட்கவில்லையென்றால், சளியால் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் 1–2 நிமிடம் காற்றுப் பட வைத்துவிட்டுப் போடுங்கள். அது காற்றால் இயங்கும் ரகம். குழந்தை விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் படம் காட்டி ‘அம்மா சொல்லு, பால் சொல்லு’ என்று பயிற்சி கொடுக்கிறேன். வாயே திறப்பதில்லை.
– வாசகி, மன்னார்குடி

‘சொல்லு’வை நிறுத்துங்கள். கேட்டது போதுமான அளவு உள்ளே போகாமல் சொல் வெளியே வராது. படத்தை விடச் சமையல்கட்டு நல்ல பள்ளிக்கூடம். தோசை சுடும்போது குழந்தையைப் பக்கத்தில், மிஷின் மைக்கிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் உங்கள் வாய் இருக்கும்படி உட்கார வையுங்கள். ஃபேன், டிவியை அணையுங்கள். கரண்டியைக் கையில் எடுக்கும் முன்பே “மாவு ஊத்தலாமா?” என்று கேளுங்கள். அவன் திரும்பிப் பார்க்கட்டும். பிறகு ஊற்றிக் காட்டுங்கள். மறுபடி காட்டாமல், “மாவு ஊத்தியாச்சு” என்று சொல்லுங்கள். முதலில் காது, நடுவில் கண், கடைசியில் மீண்டும் காது. உதட்டை மட்டும் நம்பினால் ‘மாடு’, ‘பாடு’ இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

சொன்ன பிறகு 5 முதல் 10 விநாடி வாயை மூடிக்கொண்டு, ஆவலாக அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்! அவன் “மா” என்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு “ஆமா, மாவு! இன்னும் மாவு வேணுமா?” என்று நீட்டுங்கள். கத்தாதீர்கள், கத்தினால் உயிரொலி பெருத்து மெய்யொலி அமுங்கிவிடும்.

காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) செய்த நாலரை வயது மகள் ‘வீடு போ’, ‘அண்ணா வந்தா’ என்றே பேசுகிறாள். உருபுகளே வருவதில்லை.
– வாசகர், சேலம்

தமிழில் இது எதிர்பார்க்கக்கூடிய சிக்கல். ‘க்கு’, ‘ல’, ‘ஓட’ எல்லாம் சொல்லின் வாலில், குரல் இறங்கும் இடத்தில் வருகின்றன. பேச்சில் ‘வந்தான்’ என்பதன் ‘ன்’ மூக்கில் கரைந்துவிடும். ‘வந்தாள்’ ‘வந்தா’ ஆகிவிடும். அவள் காதுக்கு இரண்டும் ஒன்றே.

உருபு தெரியாவிட்டால் வேலை நடக்காது என்கிற விளையாட்டு வையுங்கள். பெட்டி ஒன்று, பொம்மை ஒன்று. “பெட்டிக்குள்ள வை”, “பெட்டிமேல வை”; “அண்ணனுக்குக் குடு”, “அண்ணன்கிட்ட வாங்கு”. கை காட்டாமல் சொல்லுங்கள். உருபை லேசாக அழுத்தலாம், ‘வீட்டு... க்கு’ என்று உடைக்க வேண்டாம். அவள் ‘வீடு போ’ என்றால் “வீட்டுக்குப் போகலாமா? வீட்டுக்குப் போய் என்ன செய்யலாம்?” என்று நீங்கள் இரண்டு முறை சரியாகச் சொன்னால் போதும். ‘தப்பு, திருப்பிச் சொல்லு’ வேண்டாம்.

ஆங்கில மீடியத்தில் சேர்க்கப் போகிறோம். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசலாமா?
– வாசகி, கோவை

உங்களுக்குக் கோபம், கொஞ்சல், கதை எல்லாம் எந்த மொழியில் தங்குதடையின்றி வருகிறதோ அதில் பேசுங்கள். தடுமாறிப் பேசும் நாலு ஆங்கில வாக்கியத்தை விட நாள் முழுக்கக் கொட்டும் தமிழ் மேல்.

எல்.கே.ஜி. ஆசிரியையிடம் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

முதல் பெஞ்ச் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜன்னலையும் ஃபேனையும் விட்டுத் தள்ளி, நன்றாகக் கேட்கும் காது ஆசிரியை பக்கம் இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள். தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். போர்டைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டாம் என்றும், ‘புரிஞ்சுதா?’ என்பதற்குப் பதில் ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேட்கும்படியும் சொல்லுங்கள்; முதல் கேள்விக்கு எல்லாக் குழந்தைகளும் தலையாட்டிவிடும். பையில் ஒரு ஜோடி பேட்டரியும், அதை மாற்றும் விதம் எழுதிய சீட்டும் இருக்கட்டும்.