மென்பொருளை நீக்கினால் இடம் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் ஐந்து பழைய கணினிகள். எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம், 64 ஜிபி எஸ்எஸ்டி வட்டு. ‘இடம் போதாது’ என்று அடிக்கடி அறிவித்தல் வருகிறது. யாரும் தொடாத மென்பொருள்கள் நிறைய உள்ளன. எவற்றை நீக்கலாம்? (ஆரையம்பதி வாசகர்)

பதில்: நீக்கலாம்தான், ஆனால் அதனால் பெரிதாக இடம் கிடைக்காது. தண்டர்பேர்ட் (மின்னஞ்சல்), ரிதம்பொக்ஸ் (பாட்டு), டிரான்ஸ்மிஷன் (டொரன்ட்) மூன்றையும் கழற்றினாலும் ஒரு ஜிபிகூடத் தேறாது. முதலில், பழுதானால் மீட்க இயங்குதளத்தைப் பிரதியெடுத்து வைக்கும் டைம்ஷிப்ட்டைத் திறந்து பாருங்கள். அதன் முதல் பிரதியே முழு இயங்குதளத்தின் அளவு வரும். அதே வட்டில் வைத்தால் நிரம்பாமல் என்ன செய்யும்? பழைய பிரதிகளை டைம்ஷிப்ட்டுக்குள்ளிருந்தே அழியுங்கள், கோப்புறையில் போய்க் கைவைக்க வேண்டாம். அப்புறம் அப்டேட் மனேஜரில் பழைய கேர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதி). ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. இப்போது ஓடுவதையும் அதற்கு முந்தியதையும் விட்டுவிட்டு மற்றதை நீக்கலாம்.

இதற்குப் பிறகும் நீக்கத்தான் வேண்டும் என்றால், மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் சினாப்டிக்கில் செய்யுங்கள். ஒரு மென்பொருள் பொதியை நீக்கக் குறித்ததும், அதோடு சேர்ந்து போகிறவற்றின் பட்டியல் ஒன்று வரும். பலர் வாசிக்காமலே சரி கொடுத்துவிடுவார்கள். வில்லங்கம் அங்கேதான். ‘மின்ட்-மெட்டா’ என்று தொடங்கும் பெயர் அதில் இருந்தால் நிறுத்துங்கள். அந்தப் பொதிக்குள் மென்பொருள் எதுவும் இல்லை, மற்றப் பொதிகளின் பெயர்கள் மட்டுமே. அது போனால் அன்று ஒன்றும் தெரியாது. பிறகொரு நாள் யாராவது, வேறெதற்கும் தேவைப்படாத பொதிகளைத் தானாக நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையைக் கொடுக்கும்போது, அது பிடித்து வைத்திருந்தவை அநாதைப் பொதிகளாகக் கணக்கிடப்பட்டுச் சேர்ந்து அள்ளுப்பட்டுப் போகலாம்.

பெயர் விளங்கவில்லை என்பதற்காக எதையும் தூக்காதீர்கள். ‘எல்கேஎல்யூஜி’ என்றொரு பொதி இருக்கும். அது லங்கா லினக்ஸ் பயனர் குழுவின் சிங்கள எழுத்துரு. திணைக்களச் சுற்றறிக்கை சிங்களத்தில் வருகிற நம் ஊரில் அது வேண்டும். பிறமொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் போனால் தமிழ் தட்டச்சு போய்விடும். ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகிய பிள்ளைகள் உங்களைத்தான் தேடி வருவார்கள். ஒர்காவையும் விட்டுவையுங்கள். பார்வையற்ற ஒருவர் வந்தால் திரையை வாசித்துச் சொல்வது அதுதான். பொது இடத்துக் கணினியில் ‘யாரும் பாவிப்பதில்லை’ என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பிறமொழி அகராதிகளையும் லிப்ரேஆபிஸின் தேவையற்ற மொழிப் பொதிகளையும் தாராளமாக எடுக்கலாம். தண்டர்பேர்ட்டும் போகட்டும், மாணவர்கள் மின்னஞ்சலை உலாவியில்தானே பார்க்கிறார்கள்.

ஐந்திலும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒன்றில் செய்து, இரண்டு வாரம் பிள்ளைகள் பாவிக்கட்டும். ஏதாவது குறைந்தால், எந்தத் திகதியில் எது நீக்கப்பட்டது என்பது சினாப்டிக்கின் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்துத் திரும்ப நிறுவலாம்.